மாளிகைமேட்டுக்குப் போகலாமா, வேண்டாமா?



என்னிடம் படித்து இப்போது சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒரு மாணவர், டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு குடவாசல் வருகிறார். பயணத் திட்டத்தை வாட்ஸப்பில் அனுப்பியிருந்தார். ஒரு நாள் தஞ்சாவூர், ஒரு நாள் கும்பகோணத்துக் கோயில்கள், ஒரு நாள் பூம்புகாரும் தரங்கம்பாடியும், ஒரு நாள் கங்கைகொண்ட சோழபுரம். கடைசியில் ஒரு கேள்வி: "சார், கோயிலுக்குப் பக்கத்தில் மாளிகைமேடு என்று ராஜேந்திர சோழனின் அரண்மனை இடிபாடு இருக்கிறதாமே. அங்கே வெறும் செங்கல்தான் கிடக்கிறது, வெயிலில் பிள்ளைகளை அலைக்கழிக்காதே என்கிறார் மச்சான். சேர்க்கலாமா, விட்டுவிடலாமா?"

விடுமுறைக்கு ஊருக்கு வரும் பலருக்கும் இந்தக் கேள்வி உண்டு. அதனால் பதிலை இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வகுப்பில் மணி அடித்த பிறகும் பாடம் நடத்தியவன் என்று உங்களுக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மச்சானுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் சொன்னதில் பொய்யில்லை. மாளிகைமேட்டில் கோபுரம் இல்லை, தூண் இல்லை, கூரை இல்லை. தோண்டிய குழிகளுக்குள் செங்கல் சுவர்களின் அடிப்பகுதி வரிவரியாகத் தெரியும். சில இடங்களில் மரத்தூண் நிறுத்தியதற்கான கல் பீடங்கள் இருக்கும். சினிமாவில் அரண்மனை பார்த்த பிள்ளைகள் "இவ்வளவுதானா?" என்று கேட்பார்கள். 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு வருகிற பிள்ளைகள் கட்டாயம் கேட்பார்கள்.

அந்த "இவ்வளவுதானா?" என்ற கேள்விக்காகத்தான் போகச் சொல்கிறேன். அதற்கு விடை சொல்லத் தொடங்கினால் நம் ஊர் வரலாற்றில் பாதி வந்துவிடும்.

சோழர்கள் இறைவனுக்குக் கல்லில் வீடு கட்டினார்கள். தங்களுக்குச் செங்கல்லிலும் மரத்திலும் கட்டிக்கொண்டார்கள். மாளிகைமேட்டில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980களில் அகழாய்வு செய்தது. 2021 முதல் மீண்டும் செய்தது. சுட்ட செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து, கூரைக்குப் போட்ட சிறிய தட்டை ஓடுகள், மரத்தை இணைத்த இரும்பு ஆணிகள், சீனப் பீங்கான் துண்டுகள், தந்தத்தில் செய்த பொருள்கள் எல்லாம் கிடைத்தன. மரம் மட்கிப்போனது. ஓடு சரிந்தது. செங்கல்லை அக்கம்பக்கத்தில் வீடு கட்டுகிறவர்கள் காலம் காலமாக எடுத்துக்கொண்டார்கள். கல் நின்றது, மற்றதெல்லாம் போனது.

கும்பகோணத்துக்கு அருகில் பட்டீஸ்வரத்தை ஒட்டியிருக்கும் பழையாறைக்குப் போனாலும் இதே நிலைதான். சோழர்களின் இரண்டாம் தலைநகர் என்று படித்திருக்கிறோம். கல்கி அந்த ஊர் அரண்மனையை நம் கண்முன் நிறுத்தியிருக்கிறார். நேரில் போனால் கோயில்கள் இருக்கின்றன, அரண்மனை இல்லை. பக்கத்தில் 'சோழன் மாளிகை' என்று ஒரு கிராமத்தின் பெயர் மட்டும் மிச்சம்.

நம் குடவாசலையே எடுத்துக்கொள்ளுங்கள். புறநானூற்றின் 74ஆம் பாட்டை நான் வகுப்பில் சொல்லாத ஆண்டு கிடையாது. சோழன் செங்கணானிடம் போரில் பிடிபட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை, குடவாயிற் கோட்டத்துச் சிறையில் கிடந்தான். தண்ணீர் கேட்டான். உடனே தரவில்லை. பிறகு கொண்டுவந்து கொடுத்ததை மானம் தடுக்கக் குடிக்காமலே உயிரை விட்டான் என்று அந்தப் பாட்டின் அடிக்குறிப்பு சொல்கிறது. அந்தக் குடவாயில் நம் ஊர் என்பது அறிஞர்கள் வழக்கமாகச் சொல்வது. ஆனால் "அந்தச் சிறை எங்கே சார்?" என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் கைகாட்ட எனக்கு ஓர் இடம் இருந்ததில்லை. பாட்டு இருக்கிறது, இடம் இல்லை.

மாளிகைமேட்டில் இரண்டும் இருக்கின்றன. ராஜேந்திரனின் மகன் வீரராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு, கங்கைகொண்ட சோழபுரத்து அரண்மனையைச் 'சோழகேரளன் திருமாளிகை' என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அந்த நகரத்து அரண்மனைச் சுவரின் அடிப்பகுதியை நீங்கள் கண்ணால் பார்க்கலாம். எழுத்தும் மண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சி சொல்லும் சோழ அரண்மனை நமக்கு இது ஒன்றுதான் என்று சொல்லிவிடலாம்.

சுற்றியுள்ள ஊர்ப் பெயர்களையும் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லுங்கள். உட்கோட்டை. மெய்க்காவல்புத்தூர், அரசனின் மெய்க்காவலர் இருந்த இடம். ஆயுதக்களம்; படைக்கலம் வைத்த இடம். சுண்ணாம்புக்குழி, இத்தனை கட்டடத்துக்கும் சாந்து வந்த இடம். பேருந்தின் பெயர்ப் பலகையிலும் மைல்கல்லிலும் ஒரு தலைநகரத்தின் வரைபடமே இருக்கிறது. அதைப் படிக்க நுழைவுச்சீட்டு வேண்டாம்.

கங்கை வரை படை அனுப்பி வென்ற பிறகு, 1025ஐ ஒட்டி ராஜேந்திரன் இந்த நகரத்தைத் தலைநகராக்கினான். சோழர் ஆட்சி 1279இல் முடியும் வரை ஏறத்தாழ 250 ஆண்டு இதுதான் தலைநகர். தஞ்சாவூர் தலைநகராக இருந்த காலத்தைவிட இது நீண்டது. வெற்றியின் நினைவாக அவன் வெட்டிய சோழகங்கம் என்ற ஏரியைத் திருவாலங்காட்டுச் செப்பேடு நீரால் ஆன வெற்றித்தூண் என்று வருணிக்கிறது. கல்லில் தூண் நட்ட அரசர்கள் பலர். தண்ணீரில் நட்டவன் இவன். இன்று அதைப் பொன்னேரி என்கிறோம்.

இனி, நம் வயலுக்கும் இந்த இடிபாட்டுக்கும் உள்ள தொடர்பைச் சொல்கிறேன். பலர் அறியாதது இது.

குடவாசலிலிருந்து கும்பகோணம், திருப்பனந்தாள் வழியாகப் போனால் அணைக்கரையில் கொள்ளிடத்தைத் தாண்டுவீர்கள். அங்கே இருப்பது கீழணை. 1836இல் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் காலத்தில் கட்டியது. ஏன் கட்டினார்கள்? காவிரியின் படுகை மணல் மேடிட்டு உயர்ந்துவிட்டது. கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. தண்ணீர் கொள்ளிடத்தில் ஓடிக் கடலுக்குப் போனது. தஞ்சைத் தரணியின் வயல்கள் காய்ந்தன. அதைத் தடுக்க முக்கொம்பில் மேலணையைக் கட்டித் தண்ணீரைக் காவிரிப் பக்கம் திருப்பினார்கள். அப்படித் திருப்பினால் கொள்ளிடத்தை நம்பிய கீழ்ப்பகுதி என்னாவது? அதற்காக எழுந்ததுதான் கீழணை. மேலணை நம் பக்கத்து நெல்லைக் காத்தது; அதற்கு ஈடாகக் கீழணை வந்தது.

அந்த அணைக்குக் கல் வேண்டும். டெல்டாவில் கல் ஏது? பிள்ளையார் பிடிக்கக்கூடக் களிமண்தான் கிடைக்கும். பக்கத்தில் கல் குவிந்திருந்த இடம் கங்கைகொண்ட சோழேசுவரம். கோயிலின் வெளி மதிலை ஏறக்குறைய முழுதுமாகப் பிரித்தார்கள். சிற்பம் செதுக்கிய கருங்கற்களையும் பெயர்த்துக்கொண்டு போனார்கள். 1855இல் அச்சான ஒரு குறிப்பு இதை வருத்தத்தோடு பதிவு செய்திருக்கிறது. கே. ஏ. நீலகண்ட சாஸ்திரி அதைத் தம் 'சோழர்கள்' நூலில் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஊர் மக்கள் தங்களால் முடிந்தவரை தடுத்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது தண்டனை. எடுத்த கல் மதிலுக்குப் பதிலாகச் செங்கல் மதில் கட்டித் தருவதாக அரசு வாக்குக் கொடுத்தது. அந்த வாக்கு நிறைவேறவில்லை என்று அந்தக் குறிப்பு முடிகிறது.

தடுத்த அந்த மக்களின் பெயர் எந்தக் கல்வெட்டிலும் இல்லை. கோயிலுக்கு ஒரு விளக்குக்கு நெய் கொடுத்தவன் பெயரைக் கல்லில் வெட்டிய மண் இது. கோயிலையே காக்க நின்றவர்களுக்கு ஒரு வரி இல்லை. நாம் அங்கே போய் நின்று பிள்ளைகளிடம் சொன்னால்தான் உண்டு.

காட்டனைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. கீழணையிலிருந்து பிரியும் வடவாறுதான் வீராணம் ஏரியை நிரப்புகிறது. முதலாம் பராந்தக சோழன் காலத்து ஏரி அது. 2004 முதல் அங்கிருந்து சென்னைக்குக் குடிநீர் போகிறது. வேளச்சேரியிலும் தாம்பரத்திலும் குடியிருக்கும் என் மாணவர்களே, சென்னையின் குழாய்த் தண்ணீரில் ஒரு பங்கு, சோழன் கோயில் மதிலைப் பிரித்துக் கட்டிய அணை தடுத்த தண்ணீர். அணை பின்னாளில் திருத்திக் கட்டப்பட்டது. இன்று போய், இந்தக் கல்தான் கோயில் கல் என்று விரல் நீட்ட முடியாது. ஆனால் கணக்கு அதுதான். சோறும் தண்ணீரும் ஒரு பக்கம். மதிலும் சிற்பமும் மறு பக்கம். எது சரி, எது தவறு என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. காரில் திரும்பும்போது பிள்ளைகளை விவாதிக்க விடுங்கள். பத்து வயதுப் பிள்ளைகளால் இதை நன்றாகவே விவாதிக்க முடியும். வகுப்பில் பார்த்திருக்கிறேன்.

சிங்கப்பூர், மலேசியாவில் இருப்பவர்களுக்கு இன்னொரு செய்தி. 1025இல் ராஜேந்திரனின் கப்பற்படை போன கடாரம் இன்றைய கெடா. அங்கே பூஜாங் பள்ளத்தாக்கில் பழைய கோயில்களின் செங்கல், கல் அடித்தளங்கள் இருக்கின்றன. மாளிகைமேட்டுக்கு அருகே கடாரங்கொண்டான் என்று ஓர் ஊரே உண்டு. 2013இல் பூஜாங்கில் ஓர் அடித்தளத்தை, நிலத்தைச் சீர்படுத்துவதற்காக இடித்துவிட்டார்கள். செய்தி வெளியான பிறகுதான் பலருக்கும் அப்படி ஒன்று இருந்ததே தெரிந்தது. வென்றவன் மாளிகையும் செங்கல்லாகக் கிடக்கிறது. தோற்ற ஊரும் செங்கல்லாகக் கிடக்கிறது. இரண்டுக்கும் ஆபத்து ஒன்றுதான்: யாரும் வந்து பார்க்காத இடம் வெற்று மேடாகிவிடும், வெற்று மேட்டை யாரும் வெட்டலாம்.

சரி, முடிவுக்கு வருகிறேன். சேர்க்கலாம். ஆனால் எப்படிச் சேர்ப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

விடியற்காலையில் கிளம்புங்கள். அணைக்கரையில் வண்டியை ஓரமாக நிறுத்தி, இறங்கி, அணையைப் பாருங்கள். கல் கதையை அங்கேயே சொல்லுங்கள். பிறகு நேராக மாளிகைமேடு. கோயிலிலிருந்து ஏறத்தாழ 2 கிலோமீட்டர்தான். வெயில் ஏறுவதற்குள் அரை மணி நேரம் போதும். தண்ணீர், தொப்பி மறக்க வேண்டாம். அங்கே சுவர்களுக்கு நடுவே அறை எது, நடை எது என்று பிள்ளைகளையே கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அதன் பிறகு கோயிலுக்குப் போங்கள். நண்பகலில் நடை சாத்திவிடுவார்கள் என்பதால் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அகழாய்வில் கிடைத்த பொருள்களுக்கு அந்த ஊரிலேயே அரசு தொல்லியல் துறையின் அகழ்வைப்பகம் இருக்கிறது.

இந்த வரிசையை மாற்றாதீர்கள். யுனெஸ்கோ 2004இல் பட்டியலில் சேர்த்த அந்தப் பெரிய விமானத்தை முதலில் பார்த்துவிட்டுச் செங்கல்லைப் பார்த்தால் சப்பென்றுதான் இருக்கும். செங்கல்லை முதலில் பார்த்துவிட்டு விமானத்தின் கீழே போய் நின்றால், அரசன் தனக்கு எதில் வீடு கட்டினான், சாமிக்கு எதில் கட்டினான் என்பது சொல்லாமலே விளங்கும்.

சித்திரை, வைகாசி வெயிலில் வருகிறவர்களும், கைக்குழந்தையோடும் முழங்கால் வலிக்கும் பெரியவர்களோடும் வருகிறவர்களும் மாளிகைமேட்டை விட்டுவிடுங்கள். கோயிலும் அணைக்கரையும் போதும். வரலாறு எங்கும் ஓடிப் போகாது. அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம். ஒரே நாளில் தாராசுரத்தையும் கங்கைகொண்ட சோழபுரத்தையும் பூம்புகாரையும் திணிப்பதும் வேண்டாம். மூன்றையும் பார்த்ததாகப் புகைப்படம் இருக்கும். ஒன்றும் மனசில் இருக்காது.

கடைசியாக ஒன்று. அங்கே உடைந்த ஓடும் செங்கல்லும் பானைச் சில்லும் காலடியில் கிடக்கும். பிள்ளைகள் ஆசைப்பட்டு நினைவுக்கு ஒன்றைப் பையில் போடுவார்கள். எடுத்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். அந்த மேடு இவ்வளவு குறைந்ததே, ஆளுக்கு ஒன்றாக எடுத்துத்தான்.

போய் வந்தவர்கள் கீழே எழுதுங்கள். முக்கியமாக, காரில் நடந்த விவாதத்தில் பிள்ளைகள் அணையின் பக்கம் நின்றார்களா, மதிலின் பக்கம் நின்றார்களா என்று. தெரிந்துகொள்ள ஆவலாக இருக்கிறேன்.