கன்னியாகுமரி மாவட்ட மின்துறைத் தொழிற்சங்கங்கள்

கன்னியாகுமரி மாவட்ட மின்துறைத் தொழிற்சங்கங்கள் என்பவை இம்மாவட்டத்தில் மின்னுற்பத்தி, மின் பகிர்மானம் ஆகிய பணிகளில் ஈடுபடும் தொழிலாளர்களின் சங்கங்கள் ஆகும். இவற்றுள் பெரும்பாலானவை மாநில அளவிலான சங்கங்களின் கிளைகள். நிரந்தரப் பணியாளரிடையே இவை வேரூன்றியுள்ளன. ஒப்பந்தத் தொழிலாளரையும் காற்றாலைப் பணியாளரையும் உறுப்பினராகச் சேர்ப்பது இன்றும் கடினமாகவே உள்ளது.

பின்னணி

நாஞ்சில் நாடு உள்ளிட்ட இப்பகுதி 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. 1957 சூலை 1 அன்று மாநில மின்சார வாரியம் தோன்றியது. 1970களின் தொடக்கத்தில் கோதையாறு நீர்மின் நிலையங்கள் (60 மற்றும் 40 மெகாவாட்) இயங்கத் தொடங்கின. 1990களில் ஆரல்வாய்மொழிக் கணவாயை ஒட்டிய முப்பந்தல் பகுதியில் தனியார் காற்றாலைகள் பெருகின. வாரியம் 2010இல் நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டு, 2024இல் மீண்டும் மறுசீரமைக்கப்பட்டது.

நிரந்தரப் பணியாளர்கள்

சி.ஐ.டி.யு. சார்ந்த தமிழ்நாடு மின் ஊழியர் மத்திய அமைப்பு, ஏ.ஐ.டி.யு.சி., தொ.மு.ச. சார்ந்த சங்கங்கள் முதலியன மாநிலம் முழுவதும் செயல்படுகின்றன. வேலையளிப்பவர் ஒருவரே என்பதால் ஊதியப் பேச்சுவார்த்தை மாநில அளவில் நடைபெறுகிறது. 2023 மே மாதம் கையெழுத்தான உடன்பாடு, 2019 திசம்பர் 1 முதல் 6 விழுக்காடு ஊதிய உயர்வு அளித்தது. இத்தகைய உடன்பாடுகளே சங்கத்தில் சேர்வதன் பயனைத் தொழிலாளருக்கு நேரடியாகக் காட்டுகின்றன.

ஒப்பந்தத் தொழிலாளர்கள்

மின்கம்பம் நடுதல், கம்பி இழுத்தல் போன்ற பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளர் நெடுங்காலமாக ஈடுபட்டு வருகின்றனர். உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி காலித் ஆணையத்தின் 1991ஆம் ஆண்டு அறிக்கையைத் தொடர்ந்து, ஆயிரக்கணக்கானோர் படிப்படியாக வாரியப் பணியில் சேர்க்கப்பட்டனர். 24 மாதங்களில் 480 நாட்கள் பணியாற்றியோருக்கு நிரந்தரத் தகுதி அளிக்கும் 1981ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சட்டமும் சங்கங்களின் கோரிக்கைகளுக்கு அடிப்படையாக இருந்து வந்துள்ளது. எனினும், பணி செய்த நாட்களுக்குச் சான்று இல்லாவிடில் உரிமையை நிறுவுவது கடினம்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் தாக்கியபோது மாவட்டத்தில் ஆயிரக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. பிற மாவட்டங்களிலிருந்து வந்த பணியாளர்களும் சீரமைப்பில் பங்கேற்றனர்.

காற்றாலைப் பணியாளர்கள்

காற்றாலைகள் பல நிறுவனங்களுக்குச் சொந்தமானவை. பராமரிப்பை உற்பத்தி நிறுவனங்களோ ஒப்பந்ததாரர்களோ மேற்கொள்கின்றனர். பணியாளர்கள் சிறு குழுக்களாகச் சிதறியிருப்பதாலும், வேலையளிப்போர் பலராக இருப்பதாலும் ஒரே கோரிக்கையின் கீழ் அவர்களைத் திரட்டுவது எளிதன்று.

சட்ட நிலை

1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின்படி எழுவர் சேர்ந்து சங்கம் பதிய முடிந்தது. 2001ஆம் ஆண்டுத் திருத்தம், நிறுவனத்தில் அல்லது தொழிலில் பணியாற்றுவோரில் 10 விழுக்காட்டினர் அல்லது 100 பேர், இவற்றுள் குறைவான எண்ணிக்கையினர் உறுப்பினராக இருக்க வேண்டும் என்றது. ஆயினும் எழுவருக்குக் குறையக்கூடாது. 'தொழில்' என்ற சொல் இடம்பெறுவதால், பல காற்றாலைகளின் பணியாளர்கள் ஒரே சங்கமாகச் சேர வழியுண்டு.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்புச் சட்டம் இவ்வரம்பைத் தொடர்கிறது. ஒரு நிறுவனத்தில் பல சங்கங்கள் இருப்பின், வருகைப் பதிவேட்டிலுள்ள தொழிலாளரில் 51 விழுக்காட்டினரின் ஆதரவு பெற்ற சங்கமே பேச்சுவார்த்தைக்குரிய ஒரே சங்கமாகும். அவ்வாறு எதுவும் இல்லையெனில், 20 விழுக்காட்டிற்குக் குறையாத ஆதரவுள்ள சங்கங்களைக் கொண்ட குழு அமைக்கப்படும். எனவே, பதிவேட்டில் பெயர் இடம்பெறுவது உறுப்பினர் எண்ணிக்கைக்கு இணையான முக்கியத்துவம் பெறுகிறது. ஒப்பந்ததாரரின் பதிவேட்டில் மட்டும் பெயருள்ள தொழிலாளி, தாம் உழைக்கும் முதன்மை நிறுவனத்தின் இக்கணக்கில் இடம்பெறுவது அரிது.