கண்டோர் கூற்று

அகப்பாடல்களில் யார் யார் பேசலாம் என்று வகுத்துச் சொல்லும் தொல்காப்பியம், கற்பின்கண் கூற்று நிகழ்த்துதற்கு உரியோர் வரிசையில் கண்டோரையும் சேர்த்திருக்கிறது. கண்டோர் என்பவர் கதைக்குச் சொந்தக்காரர் அல்லர். உடன்போகும் இருவரை வழியில் பார்க்கிறார். இரக்கமாகவோ வியப்பாகவோ ஒரு சொல் சொல்கிறார். தம் வழியே போய்விடுகிறார். அந்த ஒரு சொல்லுக்கும் இலக்கணம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறது. வகுப்பில் இப்பகுதியை நடத்தும்போதெல்லாம் நம் நினைவில் எழுவது பாலை நிலம் அன்று. வில்லியனூர்ப் பக்கத்துக் கீற்றுக் கொட்டகையின் மணல் தரைதான்.

தமிழ் சினிமாவின் வரலாறு இன்று ஓரளவு எழுதப்பட்டுவிட்டது. 1905இல் துப்பான் என்னும் பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கி ஊர் ஊராகக் கொண்டுசென்ற சாமிக்கண்ணு வின்சென்ட் முதல், 1931இல் வெளிவந்த 'காளிதாஸ்' வழியாக, எடுத்தவர்கள், நடித்தவர்கள், பாடியவர்கள் அனைவருக்கும் அதில் பக்கங்கள் உண்டு. எழுதத் தெரிந்த பார்வையாளருக்கும் உண்டு. ஆனந்த விகடனில் 'கர்நாடகம்' என்ற பெயரில் கல்கி எழுதிய குறும்பும் கூர்மையும் கலந்த விமர்சனங்களை நாம் இன்றும் தேடிப் படிக்கிறோம். அதே இதழ் பிற்காலத்தில் படங்களுக்கு மதிப்பெண் போட்டு, 1977இல் வந்த '16 வயதினிலே'வுக்கு 62.5 கொடுத்ததை மனப்பாடமாகச் சொல்லும் நண்பர்கள் நமக்கு உண்டு. ஆனால் தரை டிக்கெட் வாங்கிப் படம் பார்த்தவர் என்ன சொன்னார்?

கேட்க முயன்றவர்கள் இல்லாமல் இல்லை. 1927இல் பிரிட்டிஷ் இந்திய அரசு, சென்னை வழக்கறிஞர் டி.ரங்காச்சாரியார் தலைமையில் ஒரு சினிமா விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழு 4,325 வினாப்பட்டியல்களை அனுப்பி, 353 சாட்சிகளை நேரில் விசாரித்து, 1928இல் அறிக்கை தந்தது. அந்தச் சாட்சியங்கள் அரிய ஆவணம். ஆயினும் அச்சிட்ட வினாப்பட்டியலுக்கு விடை எழுதக்கூடியவர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை. அன்றைய வில்லியனூரும் பாகூரும் பிரெஞ்சிந்தியாவின் கொம்யூன்கள். குழுவின் எல்லைக்கே வெளியே இருந்தவை. பாகூருக்கு இது புதிதன்று. நிருபதுங்கவர்மனின் பாகூர்ச் செப்பேடு, அவ்வூர் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று ஊர்கள் கொடையாக அளிக்கப்பட்டதைச் சொல்கிறது. அங்கே வாசலில் நின்று பாடம் கேட்டவர் எவரேனும் இருந்தாரா என்பதைச் சொல்வதில்லை.

கொட்டகைக்கு வருவோம். நிரந்தரக் கட்டடம் கிடையாது. உரிமம் குறிப்பிட்ட காலத்துக்குத்தான். முடிந்தால் பிரித்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஒரே படக்கருவி ஆகையால் ஒவ்வொரு சுருள் முடிந்ததும் விளக்கு எரியும். நகரத்தார் இதைக் குறையாகவே பேசினார்கள். நமக்கு அப்படித் தோன்றவில்லை. விளக்கு எரிந்த அந்தச் சில நிமிடங்களில்தான் படத்தைப் பற்றிய பேச்சு நடந்தது. மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்தவர், பின்னால் இருப்பவருக்கு மறைக்கிறார் என்ற சண்டையினூடே, 'இவன் அவளக் கட்டிக்க மாட்டான் பாரு' என்று அடுத்த சுருளுக்குச் சோதிடமும் சொல்லிவிடுவார். தாழ்வான தடுப்புக்கு அப்பாலிருந்து பெண்களும் பதில் சொல்வார்கள். தெருக்கூத்தில் ஆட்டத்தின் நடுவிலேயே பணம் கொடுத்துத் தம் பெயரைக் கட்டியங்காரன் வாயால் சொல்லவைத்துப் பழகிய ஊர்களில், கலை முடியும்வரை வாயை மூடிக் காத்திருப்பது யாருக்கும் கைவந்த பழக்கமல்ல.

மறுநாள் காலை நடவு வயலில் அது முறையான மதிப்புரையாக மாறிவிடும். முதல் நாள் பார்த்துவிட்டு வந்தவள் கதை சொல்லுவாள். நாற்றுப் பிடித்த கைகளோடு மற்றவர்கள் கேட்பார்கள். இரவுக் காட்சிக்குக் கூட்டம் சேருவதும் சேராததும் அந்தக் கதை சொல்லலைப் பொறுத்தது. படம் பார்க்காமலே படத்தை அறிந்தவர்கள் அன்று மிகுதி. தட்டியும் நோட்டீசும் மாட்டுவண்டித் தமுக்கும் செய்ததைவிட அந்த வரப்புப் பேச்சு செய்த விளம்பரம் பெரிது என்றே நாம் கருதுகிறோம்.

பாகூர் ஏரிப் பாசனத்து ஊரொன்றில், எண்பதை நெருங்கும் ஆயா ஒருவரிடம் நாம் பலமுறை உட்கார்ந்து பேசியிருக்கிறோம். பள்ளிக்கூடம் போகாதவர். 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' அவர் பார்வைக்கு ஓரிரு ஆண்டு கழித்துத்தான் வந்து சேர்ந்தது. எம்.ஜி.ஆரே தயாரித்து இயக்கிய படம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடுவது. பிற்பகுதி வண்ணத்தில் அமைந்தது. நூல்கள் இவற்றையெல்லாம் சாதனைகளாகப் பட்டியலிடுகின்றன. ஆயாவின் தீர்ப்பு வேறு. "பானுமதி சாகுற வரைக்கும்தான் தம்பி படம். அவ எதுத்து எதுத்துப் பேசுவா பாரு, அதுதான் சோக்கு. அப்பறம் கலரு வந்துச்சி, கண்ணுக்கு நல்லாத்தான் இருந்துச்சி." அவ்வளவுதான் விமர்சனம். இதைவிட நீளமான, இதைவிடக் குறைவாகச் சொன்ன கட்டுரைகளை நாமே எழுதியிருக்கிறோம்.

இத்தகைய பார்வையாளரை நம் நவீன இலக்கியம் எப்படிப் பார்த்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜெயகாந்தன் எழுதிய 'சினிமாவுக்குப் போன சித்தாளு', திரைமயக்கத்தில் சீரழியும் உழைப்பாளிப் பெண்ணைக் காட்டியது. அதில் கோபம் நியாயமானது, அக்கறையும் மெய்யானது. பின்னர் எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் 'பிம்பச் சிறை' என்று வெளிவந்த நூல், எம்.ஜி.ஆரின் திரை உரு எவ்வாறு வாக்காக மாறியது என்பதை ஆழ்ந்து ஆராய்ந்தது. இரண்டையும் நாம் மாணவர்க்குப் பரிந்துரைக்கிறோம். ஆயினும் புதுச்சேரியின் கிராமங்களில் நின்று படிக்கையில், அந்தச் சிறையின் சுவரில் ஒரு பெரிய ஓட்டை தெரிகிறது.

எம்.ஜி.ஆர் 1972 அக்டோபரில் கட்சி தொடங்கினார். அக்கட்சி முதன்முதலில் ஆட்சியில் அமர்ந்தது தமிழ்நாட்டில் அன்று. 1974 மார்ச்சில் புதுச்சேரியில். முப்பது இடங்களில் 12 பெற்று, எஸ்.ராமசாமி முதல்வரானார். அந்த ஆட்சி ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. 1977இல் 14 இடங்களோடு மீண்டும் அதே கட்சி வந்தது. இதுவரை பிம்பச் சிறை என்ற விளக்கம் பொருந்துகிறது. அடுத்து நடந்ததுதான் நம் கவனத்துக்குரியது. 1979 தொடக்கத்தில், புதுச்சேரியை அண்டை மாநிலத்துடன் இணைக்கலாம் என்ற கருத்தைப் பிரதமர் மொரார்ஜி தேசாய் வெளியிட, புதுச்சேரி கொந்தளித்தது. தமிழ்நாட்டு முதல்வராயிருந்த எம்.ஜி.ஆரின் மீதும் அவர் கட்சியின் மீதும் மக்களின் சினம் திரும்பியது.

இந்தச் சினத்துக்கு ஒரு பின்கதை உண்டு. வில்லியனூரை அடுத்த கீழூரில் 1954 அக்டோபர் 18 அன்று, தேர்ந்தெடுக்கப்பட்ட 178 பிரதிநிதிகள் கூடி வாக்களித்தார்கள். 170 பேர் இந்தியாவுடன் சேர விரும்பினர். 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம், இப்பகுதிகளின் தனி நிர்வாக நிலையில் எந்த மாற்றம் செய்வதானாலும் மக்களின் விருப்பத்தைக் கேட்டறிந்தே செய்ய வேண்டும் என்றது. கேளாமல் பேசிவிட்டார்கள் என்பதுதான் 1979இன் மனக்குறை. 1980 ஜனவரித் தேர்தலில் எம்.ஜி.ஆரின் கட்சிக்குப் புதுச்சேரிச் சட்டமன்றத்தில் ஓரிடமும் கிடைக்கவில்லை.

அவசரப்பட்டு முடிவுகட்டலாகாது. அதே ஜனவரியில் தமிழ்நாட்டின் மக்களவைத் தேர்தலிலும் அக்கட்சி இரண்டே இடங்களைத்தான் வென்றது. காற்று எங்குமே எதிராக வீசிய காலம் அது. ஆனால் நான்கு மாதம் கழித்துத் தமிழ்நாடு மனம் மாறி அவரை மறுபடி முதல்வராக்கியது. பதினான்கிலிருந்து சுழிக்கு இறங்கிய புதுச்சேரியின் கணக்கைப் பொதுக்காற்று என்ற ஒன்றைக் கொண்டு மட்டும் விளக்கிவிட முடியாது.

எண்பதுகளின் பிற்பாதியில் சிறுவராக நாம் வில்லியனூர்ப் பக்கத்துக் கொட்டகையில் பார்த்த படங்களில் பாதி எம்.ஜி.ஆருடைய பழைய படங்கள். திருக்காமீசுவரர் தேர்த்திருவிழாச் சமயம் என்றால் கூட்டம் வெளியே வழியும். சீழ்க்கையில் ஒரு குறையும் இல்லை. சீழ்க்கை அடித்தவர்களில் 1980இல் மாற்றி வாக்களித்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று இப்போது எண்ணிப் பார்க்கிறோம். ஆயாவிடம் இதைக் கேட்டோம். எந்தக் கட்சிக்குப் போட்டார் என்று சொல்ல மறுத்துவிட்டார். அது அவர் உரிமை. பிறகு வெற்றிலையை மடித்தபடி, "படம் வேற தம்பி, பட்டா வேற" என்றார். கொம்யூன் அலுவலகத்துக்கு நடந்தே போய்வரலாம். சென்னைக்குப் போக முடியுமா என்பது அவர் கணக்கு.

கி.ராஜநாராயணன் புதுவைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது இவ்வட்டாரத்து நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்தார். அதனால் அவை பிழைத்தன. சினிமாப் பேச்சை அப்படித் தொகுக்கலாம் என்று தமிழ்த் துறைகளில் இருக்கும் நமக்குத் தோன்றாமல் போனதற்குக் காரணம், அதை இழிந்ததாகக் கருதியதுதான். வேறு சாக்குச் சொல்வதற்கில்லை. கொட்டகையில் தரையில் அமர்ந்து 'நாடோடி மன்னன்' பார்த்த தலைமுறைக்கு இன்று எண்பது வயது. இவ்வாண்டு நம் மாணவர் சிலரிடம், பாடத்திட்டத்தில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று, அவரவர் வீட்டு முதியோர் பார்த்த படங்களையும் சொன்ன கருத்துகளையும் எழுதிவரச் சொல்லியிருக்கிறோம். முதலில் சிரித்தார்கள். பாகூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி நாற்பது பக்க நோட்டை நிரப்பிக்கொண்டு வந்தாள். அதில் பாதி, படத்தைப் பற்றியதே அல்ல. படத்துக்குப் போக விடாத மாமியாரைப் பற்றியது.

சென்ற முறை போனபோது, 'நாடோடி மன்னன்' படப்பிடிப்பில் பானுமதிக்கும் எம்.ஜி.ஆருக்கும் ஒத்துப்போகாமல் அவர் விலக நேர்ந்ததையும், அதனால்தான் அந்தப் பாத்திரம் நடுவில் இறக்க வேண்டியதாயிற்று என்பதையும் ஆயாவுக்குச் சொன்னோம். ஏறத்தாழ அறுபத்தைந்து ஆண்டுகளாகத் தெரியாதிருந்த செய்தி. சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே, அங்க கத ஒடைஞ்சிடுச்சின்னு" என்றார்.