மெழுகில் வெட்டிய பாட்டு

ஏ. வி. மெய்யப்பன் கூட்டாளிகளோடு 1932-இல் சென்னையில் தொடங்கிய சரஸ்வதி ஸ்டோர்ஸ், ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தோடு இணைந்து தமிழ் இசைத்தட்டுகளை வெளியிட்ட காலத்தில், பாட்டு முதலில் பதிவானது கெட்டி மெழுகுத் தட்டில்தான். ஒலிக்கேற்ப அதிரும் வெட்டூசி, சுழலும் மெழுகில் ஒரே சுருள்வரியாகப் பள்ளம் கீற, சீவல் மெல்லிய நூலாகச் சுருண்டு வந்தது. ஒருமுறை ஓட்டிக் கேட்ட மெழுகு அச்செடுக்கப் பயன்படாது. எனவே ஓட்டிக் கேட்காத மெழுகின்மேல், மின்சாரம் பாய்வதற்காகக் கிராஃபைட் தூள் பூசி, மின்முலாம் வழியே உலோக அச்செடுத்து, அந்த அச்சால் அரக்குக் கலவையை அழுத்தித் தட்டுகளை உருவாக்கினர். நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பத்தங்குலத் தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே அடங்கியதால், விரிவான ஆலாபனைக்குப் பழகிய வித்வான்களும் சுருக்கிப் பாட நேர்ந்தது. அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வீட்டுப் பரண்களில் இத்தகைய தட்டு அகப்பட்டால், வெயில் படாமல் செங்குத்தாக நிறுத்திக் காப்பது நம் கடமை.