சிங்கராஜவை வெட்டிய காசு யாருடையது?



போன கிழமை அஸருக்குப் பிறகு பள்ளிவாசலடியில் ஒரு கதை வந்தது. "நாட்டில டொலர் இல்ல. மரக் கம்பனிகளுக்கு அரசாங்கம் கொஞ்சம் சலுகை குடுத்து காட்டைத் திறந்துவிட்டா என்ன? சும்மாதானே கிடக்கு" என்று நமதூர் நானா ஒருவர் கேட்டார். நின்ற நிலையில் எங்களால் பதில் சொல்லி முடிக்க முடியவில்லை. வரலாறு படிப்பிக்கிறவர்களுக்கு இரண்டு நிமிடம் எப்போதும் போதாது. அதனால் இங்கே எழுதுகிறோம்.

'சும்மா கிடக்கு' என்பது பழைய வார்த்தை. 1840இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த சட்டத்துக்கே மக்கள் வைத்த பெயர் தரிசு நிலச் சட்டம். அதன் கீழ்தான் 1875இல் சிங்கராஜ அரச நிலமானது. மரங்களில் 60 வீதத்துக்கு மேல் இலங்கைக்கே உரியவையாக இருக்கும் ஒரு மழைக்காடு, காகிதத்தில் தரிசு!

ஜிந்தோட்டைக்காரர்களுக்கு பிளைவூட் என்றால் விளக்கம் தேவையில்லை. உலக யுத்த காலத்தில் தேயிலைப் பெட்டிக்குப் பலகை வேண்டுமென்று அரசாங்கம் இங்கே ஆலை போட்டது. அதில் வந்த சம்பளத்தில் பிள்ளைகளைப் படிக்கவைத்த குடும்பங்கள் உண்டு. அதை நாங்கள் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அந்த ஆலைக்கு மரம் வந்தது கன்னெலியக் காட்டிலிருந்து.

பிறகு கொஸ்கமவில் இன்னும் பெரிய ஆலை. அதற்குத் தீனி போட 1968இல் சிங்கராஜவைத் தெரிவு செய்தார்கள். டட்லி சேனாநாயக்க காலத்துத் தீர்மானம். 1970இல் ஆட்சி மாறியும் தீர்மானம் மாறவில்லை. இயந்திரங்கள் வந்தன, காட்டுக்குள் ரோட்டுப் போட்டார்கள், மேற்குப் பக்கமாக வெட்டத் தொடங்கினார்கள்.

இங்கேதான் நானாவின் கணக்குப் பிழைக்கிறது. ஆலை அரசாங்கத்துடையது. இயந்திரமும் ரோடும் பொதுப் பணம். மரமோ ஏற்கெனவே பொதுச் சொத்து. எங்கள் காசைக் கொடுத்து எங்கள் மரத்தை வெட்டிவிட்டு, வந்த பலகையை வருமானம் என்று எழுதினார்கள். ஒரு ஹொர மரம் அந்த உயரத்துக்கு வர எத்தனை தலைமுறை போகும், சாய்ந்த மண் எந்த ஆற்றில் போய்ச் சேரும் என்பதற்கு அந்தக் கணக்கில் ஒரு பத்தியும் இல்லை. தனியார் கம்பனிக்குச் சலுகை கொடுத்தாலும் இதே கணக்குத்தான். இலாபம் மட்டும் வேறு கைக்குப் போகும்.

அன்று சும்மா இருக்காதவர்களும் இருந்தார்கள். சுவிட்சர்லாந்தில் பிறந்து இங்கே தொழில் செய்த திலோ ஹொஃப்மன், வனசீவராசிகள் இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் தலைவராக இருந்து எழுதினார், பேசினார், அதிகாரிகளின் கதவைத் தட்டினார். மக்களின் எதிர்ப்பு வளர்ந்தது. 1977இல் புதிய அரசாங்கம் வந்து வெட்டுவதை நிறுத்தியது. 1988இல் சிங்கராஜ உலக மரபுரிமை ஆனது. கன்னெலியவில் மட்டும் 1977க்குப் பிறகும் சில வருடங்கள் வாள் ஓயவில்லை. அதற்காகக் குரல் கொடுத்தவர்கள் குறைவு. எங்கள் ஊரும் கொடுத்ததாகத் தெரியவில்லை.

குடாவைப் பக்கமாகப் போனவர்கள், மாணவர்களோடு நடந்த அந்த அகலமான பாதையை நினைத்துப் பாருங்கள். அது மரம் இழுத்த ரோடு. காட்டின் எல்லையோரமாக வன இலாகா பைன் நட்டது. பிறகு பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க போன்ற ஆய்வாளர்கள் அந்தப் பைன் நிழலில் உள்நாட்டு மரக் கன்றுகளை நட்டு, காடு திரும்புமா என்று வருடக்கணக்காகப் பார்த்தார்கள். திரும்புகிறது, மெதுவாக. வெட்டுவதற்கும் செலவு, நடுவதற்கும் செலவு. இரண்டும் ஒரே பையிலிருந்து.

நமக்கு இதில் இன்னொரு பங்கும் இருக்கிறது. சிங்கராஜவின் தெற்குச் சரிவில் விழும் மழை ஜின் கங்கையாகி நமதூர்ப் பாலத்தடியால் கடலுக்குப் போகிறது. காலிப் பக்கத்துக் குழாய்த் தண்ணீருக்கும் அந்த ஆறுதான். கோடையில் கங்கை இறங்கினால் கடல் உப்பு உள்ளே ஏறும். காடு 'சும்மா கிடந்து' செய்கிற வேலை இது. இதற்கு யாரும் சலுகை கேட்கவில்லை.

நானாவோடு எங்களுக்குக் கோபம் இல்லை. விடுமுறையில் மாணவர்களோடு குடாவைக்குப் போகிறோம், அவரையும் வரச் சொல்லியிருக்கிறோம். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும் மறக்காமல் கொண்டுவரட்டும்.