உடையவன் இல்லாத ஊர்

எங்கள் பாட்டி ஒரு கதை சொல்வாள். அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது ஊரில் ஒரு குடும்பத்தை விலக்கி வைத்தார்களாம். தேர்த் திருவிழாவுக்கு வரி கொடுக்க மாட்டேன் என்று அந்த வீட்டுப் பெரியவர் சொல்லிவிட்டார். அதுதான் குற்றம். போலீஸ் வரவில்லை, கோர்ட்டு வரவில்லை, யாரும் கை ஓங்கவும் இல்லை. மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டுக்கு யாரும் அடுப்பு மூட்ட நெருப்புக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். சலவைக்காரர் வரவில்லை. மளிகைக் கடைக்காரர் சாமான் கட்டிக் கொடுக்கவில்லை. எதிரே வந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஆறு மாதத்தில் அந்தக் குடும்பம் ஊரை விட்டே போய்விட்டதாம்.

"அவங்களைத் துரத்தினது யாரு பாட்டி?" என்று நான் கேட்பேன்.

"யாரும் துரத்தலையேடா. ஊர் பேசாம இருந்தது, அவ்வளவுதான்" என்பாள்.

பல ஆண்டுகளாக மறந்திருந்த இந்தக் கதையை எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது, பழமைக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதது போலக் காட்டிக்கொள்ளும் கம்ப்யூட்டர். எப்படி என்று சொல்கிறேன்.

இன்று ஜனங்கள் கூடிப் பேசும் பெரிய இணையத் தளங்களுக்கெல்லாம் உடையவர்கள் இருக்கிறார்கள். அது அவர்களுடைய சத்திரம். இடம் கொடுப்பவர்களும் அவர்களே. கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறவர்களும் அவர்களே. ஆனால் இன்னொரு வகை உண்டு. அங்கே உடையவன் கிடையாது. ஆங்காங்கே தனி மனிதர்கள் ஆளுக்கொரு சர்வரை நடத்துகிறார்கள். சர்வர் என்றதும் ஓட்டலில் தோசை கொண்டு வருகிறவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். பலர் எழுதுவதை வாங்கி வைத்துப் பிறருக்குக் கொடுக்கும் கம்ப்யூட்டருக்கு அப்படிப் பெயர். ஒவ்வொரு சர்வரும் ஒரு வீடு. வீட்டுக்கு வீடு சட்டம் வேறு. ஆனால் ஒரு வீட்டில் எழுதிய கடிதம் மற்ற வீடுகளுக்கும் தானே போய்ச் சேரும். ராஜா இல்லாத ராஜ்யம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் கொண்டாடினவன்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒருவன் வம்பு செய்தால் கேட்பது யார்? இந்தக் கேள்விக்கு வயது நாற்பதுக்கு மேல் ஆகிறது. அதன் சரித்திரம் சுவையானது.

1979-ல் அமெரிக்காவில், வட கரோலினா மாகாணத்தில், டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாம் டிரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்களுக்கு ஒரு யோசனை பிறந்தது. அப்போது ஆர்ப்பாநெட் என்ற கம்ப்யூட்டர் வலைப்பின்னல் இருந்தது. அது ராணுவ இலாகாவின் பணத்தில் நடந்தது. அந்த இலாகாவோடு தொடர்புள்ள நிலையங்களுக்குத்தான் அங்கே இடம். மற்றவர்கள் என்ன செய்வது? டெலிபோன் இருக்கிறதே! ஒரு கம்ப்யூட்டர் ராத்திரியில், கட்டணம் குறைந்த நேரத்தில், இன்னொரு கம்ப்யூட்டரைக் கூப்பிட்டுத் தன்னிடமுள்ள கடிதங்களைக் கொடுத்து, அதனிடமுள்ளவற்றை வாங்கிக்கொள்ளும். அது அடுத்ததைக் கூப்பிடும். பக்கத்திலிருந்த சாப்பல் ஹில்லில் படித்துக்கொண்டிருந்த ஸ்டீவ் பெலோவின் இதற்கான முதல் புரோகிராமை எழுதினார். 1980-ல் அது நடைமுறைக்கு வந்தது. யூஸ்நெட் என்று பெயர். கிணற்றடியில் ஒருத்தி சொன்ன சேதி சாயங்காலத்துக்குள் ஊரைச் சுற்றி வருகிறதே, அதே முறைதான்.

கிணற்றடிச் சேதிக்குச் செலவில்லை. யூஸ்நெட்டுக்கு டெலிபோன் பில் வந்தது. தொலைதூரத்துக்குக் கடிதங்களைச் சுமந்த சில பெரிய நிலையங்கள் அந்தப் பில்லைக் கட்டின. பில் கட்டுகிறவர் பேச்சு எடுபடும் என்பது உலக வழக்கம். முதுகெலும்பு என்று பெயர் பெற்ற அந்த நிலையங்களை நடத்தியவர்கள் 1986, 1987-ல் செய்திக்குழுக்களையெல்லாம் ஏழு பெரும் பிரிவுகளாகப் பிரித்துப் பெயர்களை மாற்றினார்கள். சண்டை சச்சரவுகளுக்கென்று 'டாக்' என்ற பிரிவு. மதச் சண்டைகளையும் வசைகளையும் சுமப்பதற்குக் காசு கொடுக்க ஐரோப்பியர்கள் தயங்கினார்கள். அவற்றை ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டால் வேண்டாதவர்கள் வாங்காமல் விடலாமல்லவா?

எல்லாருக்கும் இது பிடிக்கவில்லை. சமையல் குறிப்புக் குழு ஒன்றை நடத்தி வந்த பிரையன் ரீட், போதைப் பொருள்களைப் பற்றிப் பேச ஒரு குழு கேட்டு ஏமாந்த ஜான் கில்மோர், கார்டன் மொஃபட் ஆகிய மூவரும் 1987-ல் கலிபோர்னியாவில் ஓர் இறைச்சி ஓட்டலில் உட்கார்ந்து பேசினார்கள். முதுகெலும்பு வழியாகப் போகாமல் தங்களுக்குள்ளேயே கடிதங்களைக் கைமாற்றிக்கொள்வது என்று முடிவாயிற்று. 'ஆல்ட்' என்ற பிரிவு பிறந்தது. அடுத்த ஆண்டு, காமத்தைப் பற்றிப் பேச ஒரு குழு வேண்டும் என்று வாக்கெடுப்பில் ஜெயித்தும் முதுகெலும்புக்காரர்கள் அதைச் சுமக்க மறுத்தபோது, ரீட் அந்தக் குழுவை ஆல்ட் பிரிவில் தொடங்கிவிட்டார். ஒரு தெருவை அடைத்தால் இன்னொரு தெரு. உடையவன் இல்லாத ஊரின் அழகு அதுதான் என்று அன்று எல்லாருக்கும் தோன்றியிருக்கும்.

ஏழு ஆண்டுகளில் அதே அழகின் மறுபக்கம் தெரிந்தது. 1994 ஏப்ரல் 12-ஆம் தேதி, அமெரிக்காவில் அரிஸோனா மாகாணத்து வக்கீல் தம்பதி இருவர், பச்சை அட்டை குலுக்கலுக்கு மனுப்போட்டுத் தருகிறோம் என்ற விளம்பரத்தை ஐயாயிரத்துக்கும் அதிகமான செய்திக்குழுக்களில் ஒரே மூச்சில் போட்டார்கள். கணக்குச் சாஸ்திரம் பேசும் இடத்திலும் பச்சை அட்டை. நாய் வளர்ப்பவர்கள் கூடும் இடத்திலும் பச்சை அட்டை. தமிழர்கள் பேசிக்கொள்ளவும் யூஸ்நெட்டில் ஒரு திண்ணை இருந்தது. விளம்பரக்காரர்களுக்குத் திண்ணைக்குத் திண்ணை வித்தியாசம் ஏது? கோபத்தில் ஆயிரக்கணக்கானவர்கள் எழுதிய கடிதங்களின் பாரம் தாங்காமல் அந்தத் தம்பதிக்கு இணைப்புக் கொடுத்த கம்பெனியின் கம்ப்யூட்டரே படுத்துவிட்டது. தம்பதியோ மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாக, இந்த முறையில் லாபம் சம்பாதிப்பது எப்படி என்று புத்தகம் எழுதினார்கள்.

யூஸ்நெட்டில் ஒரு விநோதமான வசதி உண்டு. தான் எழுதியதை ரத்து செய்ய ஒருவர் ஒரு கட்டளைக் கடிதம் அனுப்பலாம். அது அவரே அனுப்பியதுதானா என்று சோதிக்க நம்பகமான வழி இல்லை. நார்வேயைச் சேர்ந்த ஓர் இளைஞர் இதைப் பயன்படுத்தி, அந்தத் தம்பதியின் விளம்பரங்களைத் தானாகவே ரத்து செய்யும் புரோகிராம் எழுதினார். ஜனங்கள் கைதட்டினார்கள். கைதட்டி முடிந்ததும் ஒரு பயம் வந்தது. இன்று விளம்பரத்தை அழிக்கிறவன் நாளை எனக்குப் பிடித்ததை அழித்தால்?

அப்போது அந்த ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த விடையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒரு கடிதம் என்ன சொல்கிறது என்று பார்த்து அழிக்கக் கூடாது. எத்தனை தடவை போடப்பட்டிருக்கிறது என்று மட்டும் பார்த்து அழிக்கலாம். இதற்கு ஒரு கணக்கு முறையும் வைத்துக்கொண்டார்கள். கருத்துக்கு நீதிபதி இல்லை, இரைச்சலுக்குத்தான் தண்டனை. அதற்கும் அடங்காத நிலையத்துக்குக் கடைசி ஆயுதம் ஒன்று இருந்தது. அந்த நிலையத்திலிருந்து வரும் எல்லாவற்றையும் யாரும் ஏற்காமல் விட்டுவிடுவது. 'யூஸ்நெட் மரண தண்டனை' என்றே அதற்குப் பெயர். 1997 ஆகஸ்டில் யூயூநெட் என்ற மிகப் பெரிய இணைப்புக் கம்பெனிக்கு எதிராக அது அறிவிக்கப்பட்டது. சில நாட்களில் அந்தக் கம்பெனி வழிக்கு வந்தது. ராணுவம் இல்லை, சட்டம் இல்லை. நெருப்புக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

யூஸ்நெட் மங்கி, பெரிய சத்திரங்களின் காலம் வந்தது. அதில் அலுத்தவர்களுக்காக 2016 அக்டோபரில் ஜெர்மனியில் யூகன் ரோச்கோ என்ற இளைஞர் மாஸ்டடான் என்ற புரோகிராமை வெளியிட்டார். அதை யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துச் சொந்த வீடு கட்டிக்கொள்ளலாம். வீடுகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். பழைய கேள்வியும் கூடவே வந்துவிட்டது.

2018 ஆகஸ்டில் வில் வீட்டன் என்ற அமெரிக்க நடிகர் ஒரு வீட்டில் குடியேறினார். அவர்மீது பழைய மனஸ்தாபம் கொண்டவர்கள் கூட்டமாகப் புகார் எழுதினார்கள். புகார்களைப் படித்து மாளாமல், வீட்டை நடத்தியவர் நடிகரின் கணக்கையே நிறுத்திவிட்டார். இங்கே நியாயம் எந்தப் பக்கம் என்பதல்ல விஷயம். சம்பளமில்லாமல் வீடு நடத்தும் ஒரு மனிதர், விசாரிக்க நேரமில்லாததால் தீர்ப்புச் சொன்னார் என்பதுதான் விஷயம்.

மறு ஆண்டு இதற்கு நேர்மாறான சம்பவம். 2018 அக்டோபர் 27-ஆம் தேதி பிட்ஸ்பர்க் நகரத்து யூத ஆலயத்தில் பதினோரு பேரைச் சுட்டுக் கொன்றவன், அதற்குச் சற்று முன்புகூட காப் என்ற தளத்தில் எழுதியிருந்தான். அந்த காப் 2019 ஜூலையில் மாஸ்டடான் புரோகிராமை எடுத்துத் தன் வீட்டைக் கட்டிக்கொண்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம் என்று லைசென்ஸில் எழுதியிருக்கும்போது ரோச்கோ எப்படித் தடுப்பார்? அவர் தடுக்கவில்லை, ஊர் தடுத்தது. வீடு வீடாக காப்புக்குக் கதவை அடைத்தார்கள். செல்போனில் படிப்பதற்கான செயலிகளை எழுதியவர்களில் சிலரும் அடைத்தார்கள். வெளியே வந்தும் பேச்சுத் துணைக்கு ஆளில்லாத காப், 2020-ல் தானே அந்த ஊர்த் தொடர்பைக் கைவிட்டது. இந்த விலக்கலைப் பார்த்து நான் மகிழ்ந்தேன் என்பதை மறைக்கவில்லை.

2019 நவம்பரில் நம் நாட்டிலும் மாஸ்டடான் பேச்சாயிற்று. சுப்ரீம் கோர்ட்டின் மூத்த வக்கீல் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் நிறுத்தியது. நாஜி வணக்கம் செய்ய மறுத்துக் கூட்டத்தில் கைகட்டி நின்ற ஒரு ஜெர்மானியத் தொழிலாளியின் பழைய படத்தை அவர் வைத்திருந்ததும், ஓர் இந்திக் கவிதையைப் பகிர்ந்திருந்ததும் காரணங்கள். ஆத்திரமடைந்த பலர் மாஸ்டடானுக்குக் குடிபெயர்ந்தார்கள். அந்த அலையில் போனவன் நான்.

எனக்குத் தெரிந்த ஓர் இளைஞர், கம்ப்யூட்டர் உத்தியோகஸ்தர், தம் சம்பளத்தில் வாடகை கட்டி ஒரு சின்ன வீட்டை நடத்தினார். இலக்கியம் படிக்கிறவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வீட்டில் இருக்கும் பெண்கள் என்று நல்ல கூட்டம். அதில் ஒருவர் என் பழைய வாசகர். ரசிகர், ஆனால் வாய் நீளம். ஒரு சாராரைப் பற்றி வேடிக்கை என்ற பெயரில் தொடர்ந்து கேவலமாக எழுதுவார். வேறொரு வீட்டிலிருந்து புகார் வந்தது. இளைஞர் என்னிடம் யோசனை கேட்டார்.

"எடுத்துடலாம்னு பார்க்கிறேன் சார். நீங்க என்ன சொல்றீங்க?"

"நல்ல மனுஷன் தம்பி. கொஞ்சம் பேச்சு அப்படி. விட்டுடுங்க" என்றேன்.

என் வார்த்தைக்கு மரியாதை கொடுத்து விட்டுவிட்டார். அந்த வேடிக்கைகள் என்னைச் சுடவில்லை. சுட்டவர்களை நான் கேட்கவுமில்லை. ஒரு மாதத்தில் மூன்று வீடுகள் எங்களுக்குக் கதவடைத்தன. பிறகு ஒருவர் பட்டியலை மற்றவர் நகல் எடுக்க, எங்கள் வீட்டின் பெயரைக் கேள்விப்பட்டேயிராதவர்களும் அடைத்தார்கள். இளைஞர் அந்த மனிதரை வெளியேற்றிவிட்டுக் கடிதம் மேல் கடிதம் எழுதினார். இரண்டொருவர் கதவைத் திறந்தார்கள். மற்றவர்கள் படித்தார்களோ இல்லையோ, பதில் இல்லை. கதவடைத்த வீடுகளிலிருந்த நண்பர்களோடு எங்கள் வீட்டாருக்கு இருந்த தொடர்புகளெல்லாம் அறுந்து போயின. ஓய்வு பெற்ற ஓர் ஆசிரியை எனக்கு எழுதியிருந்தார்: "அவர் எழுதியதை நான் படித்ததுகூட இல்லை. நான் என்ன தப்பு செய்தேன்?" அந்த அம்மாளுக்கு நான் இன்னும் நேரான பதில் எழுதவில்லை. மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு இளைஞர் வீட்டை மூடினார்.

கதவடைத்தவர்கள்மேல் எனக்குக் கோபம் இருந்தது. இப்போது பாதிதான் இருக்கிறது. அவர்களும் சம்பளமில்லாமல் ராத்திரி கண்விழிப்பவர்கள். தங்கள் வீட்டில் இருப்பவர்களைக் காப்பாற்ற அவர்களிடமிருந்த ஒரே கருவி கதவுதான். அந்தக் கதவு காப்புக்கு எதிராக அடைபட்டபோது நான் கைதட்டியிருக்கிறேன். முதல் தப்பு, சிநேகத்துக்காக நான் சொன்ன அந்த "விட்டுடுங்க".

உடையவன் இல்லாத ஊரில் அதிகாரம் இல்லை என்று நாம் நினைக்கிறோம். இருக்கிறது. ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. அதனால்தான் கண்ணுக்குத் தெரிவதில்லை. குறைவது அதிகாரம் அல்ல, விசாரணை. சத்திரக்காரன் தள்ளினால் அவன் வாசலில் நின்று நியாயம் கேட்கலாம். ஊரே பேசாமல் இருந்தால் எந்த வாசலில் நிற்பது? பச்சை அட்டைக்காரர்கள் விஷயத்தில் யூஸ்நெட்காரர்கள் சட்டத்தை எண்ணிக்கையில் கட்டிப்போட்டார்கள். வசையை அப்படி எண்ண முடியாது. அதை யாராவது படிக்கத்தான் வேண்டும். சம்பந்தப்பட்டவர்களைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும். திருந்தினால் கதவைத் திறக்க ஒரு வழியும் வைக்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டும், பொழுது வேண்டும். இலவசமாகக் கிடைத்த ஊரில் இவை மட்டும் இலவசமாகக் கிடைக்கவில்லை.

பாட்டியின் கதையில் நான் கேட்க மறந்த கேள்வி ஒன்று உண்டு. அந்தப் பெரியவர் ஏன் வரி கொடுக்கவில்லை? ஒருவேளை பணம் இல்லையோ? பாட்டிக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவள் வீட்டிலும் நெருப்புக் கொடுக்கவில்லை.