கைவைத்தியமும் முதுகு வலியும்

மலாக்கா மாநிலத்திலே, டுரியான் துங்கால் வட்டாரத்துத் தோட்டங்களில் உழைத்து மூப்பெய்தியவரை நலம் விசாரித்தால், பலரும் முதலிற் கூறுவது இடுப்பு வலியையே. வைகறையில் எழுந்து மரத்துக்கு மரம் குனிந்து பால் வெட்டியதும், காண்டாக் கம்பின் இருபுறமும் வாளி தொங்கத் தோளிற் சுமந்ததும், பிற்காலத்தில் நீண்ட கழியிற் பூட்டிய அரிவாளால் செம்பனைக் குலைகளை அண்ணாந்து அறுத்ததும் அவர்தம் உடம்பில் வலியாக எஞ்சி நிற்கின்றன. இவ்வலிக்குப் பரிகாரம் தேடுவோர் இன்று நகரங்களிலே 'கைரோப்ராக்டிக்' என்னும் பெயர்ப் பலகையைக் காண்கின்றனர். அது யாது, எங்ஙனம் தோன்றிற்று, நமக்கு எவ்வளவு பயன்படும் என்பதை ஆராய்வோம்.

கையால் வலி தீர்ப்பது நமக்குப் புதிதன்று. சித்த மருத்துவத்தில் தொக்கணமும் வர்மமும் உள. மலாய் மக்களிடம் உருட் என்னும் பிடித்துவிடுதல் உண்டு. ஊர்தோறும் சுளுக்கு வழிப்போர் உண்டு. ஆனால், காலால் பிறந்தவர் மிதித்தால் சுளுக்கு நீங்கும் என்ற குருட்டு நம்பிக்கையும் இவற்றோடு ஒட்டி வளர்ந்தது. மிதித்தபின் சுகம் தோன்றின், அழுத்தத்தின் பயனாகவோ, சுளுக்கு தானே ஆறியதாகவோ இருக்கலாம். பிறந்த விதத்தின் மகிமையன்று. மேனாட்டார் இத்தகைய மயக்கங்களினின்று விடுபட்டவர் என்றும் எண்ண வேண்டா.

அமெரிக்காவின் டாவன்போர்ட் நகரில் காந்த சிகிச்சை செய்துவந்த டேனியல் டேவிட் பாமர் என்பார், 1895ஆம் ஆண்டு செப்டம்பரில், காது மந்தமான ஹார்வி லில்லார்ட் என்னும் தொழிலாளியின் முதுகெலும்பைத் தள்ளிச் சீர்செய்து, செவி கேட்கச் செய்ததாகக் கூறினார். 'கை', 'செயல்' என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களினின்று அக்கலைக்குப் பெயரும் வந்தது. அடுத்த ஆண்டு, 1896இல், மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் டான் சாய் யான் ரப்பர்த் தோட்டம் இட்டார். முதுகை நிமிர்த்தும் கலையும், முதுகை வளைக்கும் தொழிலும் உலகின் இரு கோடிகளில் ஏறக்குறைய ஒரே காலத்திற் கால்கொண்டன.

நூற்றுக்கு 95 நோய்கள் முதுகெலும்பு பிசகுவதால் வருவன என்று பாமர் சாதித்தார். அனுமதியின்றி வைத்தியம் செய்ததற்காக 1906இல் சிறையும் புகுந்தார். அவர் கொள்கையை விஞ்ஞானம் ஏற்கவில்லை. எனினும், முதுகு வலிக்குக் கைவேலை ஓரளவு தணிவு தருவதைக் கண்ட பின்னோர் அதனைப் பல முறைகளாக வளர்த்தனர்.

அவற்றுள் பெருவழக்கானது, மூட்டை அதன் எல்லைவரை திருப்பி, விரைவாகவும் குறுகலாகவும் ஒரு தள்ளுத் தள்ளுவது. கான்ஸ்டெட் முறையினர் எக்ஸ்ரே முதலியவற்றால் ஓர் எலும்பைக் குறித்துக்கொண்டு, உடலை முறுக்காமல் அதனையே தள்ளுவர். தாம்சன் முறையில், தள்ளும்போது படுக்கையின் ஒரு பகுதி சிறிது கீழிறங்கும். காக்ஸ் முறையிலே தள்ளுதல் இல்லை; அசையும் மேசையிற் குப்புறப் படுக்கவைத்து மெல்ல வளைத்து இழுப்பர். ஆக்டிவேட்டர் முறையினர் சுருள்வில் பொருத்திய சிறு கருவியால் தட்டுவர்.

இவற்றுள் எது சிறந்தது? 'சடக்' என்று ஓசை எழுந்தால் எலும்பு தன்னிடம் சேர்ந்தது என்பர் பாமரர். மூட்டினுள் உள்ள நீரில் வாயுக்குமிழ் தோன்றுதலே அவ்வோசைக்குக் காரணம் என்பதை, 2015இல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழக ஆய்வாளர் விரல் மூட்டைப் படம் பிடித்துக் காட்டினர். ஆகவே ஓசை குணத்துக்கு அடையாளமன்று. நாட்பட்ட இடுப்பு வலியைப் பற்றி 47 பரிசோதனைகளையும் 9,211 நோயாளரையும் கொண்டு 2019இல் வெளிவந்த ஆய்வு, கைவைத்தியம் உடற்பயிற்சி முதலிய ஏற்ற சிகிச்சைகளுக்கு ஏறக்குறைய ஒத்த பயனே தருகிறது என்று கண்டது. ஒரு முறை மற்றொன்றை வென்றதென்பதற்கு உறுதியான சான்று இல்லை. உலகச் சுகாதார நிறுவனமும் 2023இல் இதனை ஏற்கத்தக்க வழிகளில் ஒன்றாகக் கூறிற்றே அன்றித் தனி மருந்தாகக் கூறவில்லை. நோயைப் பற்றிய அறிவையும் பயிற்சியையும் உடன் வைத்தது.

மலேசியாவின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் கைரோப்ராக்டிக்கை அங்கீகரிக்கப்பட்ட துறைகளுள் சேர்த்துள்ளது. ஆகவே சிகிச்சைக்குச் செல்வோர் வைத்தியர் பதிவு பெற்றவரா எனக் கேட்க வேண்டும்; அது கூச்சப்பட வேண்டிய கேள்வியன்று. கால் மரத்து வலுவிழந்தாலோ, சிறுநீர் அடைபட்டாலோ, வலியோடு காய்ச்சல் கண்டாலோ, விழுந்தபின் வலி மூண்டாலோ, உடனே மருத்துவமனைக்குச் செல்க. கழுத்தை வேகமாகத் திருப்புவதால் அரிதாக இரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் நேர்ந்ததாகவும் செய்திகள் உள.

தோழர்களே! எம்முறையாயினும், 'வாழ்நாள் முழுதும் வாரந்தோறும் வருக' என்பாரிடம் எச்சரிக்கையாயிருங்கள். தன் கூலியை ஓசைக்கு விலையாகக் கொடுப்பவன் மிதிபட்ட நம் முன்னோரினும் முன்னேறியவன் ஆகான். உம்மை நடக்கவும், வளையவும், வலியை நீரே ஆளவும் கற்பிப்பவனே நல்ல வைத்தியன். வைத்தியன் கை சில நிமிடம் முதுகைத் தொடும். வேலையோ நாள் முழுதும் தொடும். ஆதலின் சுமையைக் குறைப்பதும், இடையே ஓய்வு கேட்பதும் சிகிச்சையின் பாதி என்பதை உழைப்பாளரும், அவரை வேலை வாங்குவோரும் உணர்வாராக.