பெயரில்லாத் தலைவனும் பெயர்பெற்ற காதலனும்

தமிழிலக்கியத்தில் காதலனைத் தேடிச் செல்வோர்க்கு முதற்கண் ஒரு வியப்புக் காத்திருக்கிறது. அகநானூறு 400 பாடல்களையும், ஐங்குறுநூறு 500 பாடல்களையும், குறுந்தொகை கடவுள் வாழ்த்து நீங்கலாக 401 பாடல்களையும் உடையன. இப்பாடல்களின் தலைவன் இரவில் காடு கடந்து வருகின்றான், பொருள்தேடிப் பிரிகின்றான், பரத்தையை நாடித் தலைவியிடம் ஊடலும் பெறுகின்றான். ஆயினும் அவன் பெயர் யாது என்பதை நாம் அறியோம். வெற்பன், ஊரன், சேர்ப்பன் என நிலத்தையொட்டியே அவன் அழைக்கப்படுகின்றான். நாட்டுப்புறக் கதைப்பாடல்களின் காதலனோ பெயரும் ஊரும் குலமும் உடையவன்; பெரும்பாலும் கொலையுண்டு மாய்ந்து, பின்னர்த் தெய்வமாகி நிற்பவன். இவ்விருவரும் ஒருவர்க்கொருவர் அயலார் அல்லர் என்பதை ஈண்டுக் காண்போம்.

அகத்திணை மாந்தரின் இயற்பெயரைச் சுட்டுதல் ஆகாது என்பது தொல்காப்பியர் வகுத்த வரம்பு. இவ்வரம்பு எத்துணை உறுதியாகப் போற்றப்பட்டது என்பதற்குப் பத்துப்பாட்டில் ஒன்றாகிய நெடுநல்வாடையே சான்று. கூதிர்க்காலத்தில் தலைவனைப் பிரிந்து வருந்தும் அரசியைப் பாடுவது அந்நூல். பெயர் ஏதும் அதிற் கூறப்படவில்லை. எனினும், பாசறையில் உள்ள வேலில் பாண்டியர்க்குரிய வேம்பு கட்டப்பட்டிருப்பதாக ஒரு குறிப்பு வருகின்றது. அவ்வொரு குறிப்பே தலைவனை இன்னான் எனக் காட்டிவிட்டமையால், அந்நூல் புறத்திணையைச் சார்ந்தது என உரையாசிரியர் நச்சினார்க்கினியர் கொண்டார். கோப்பெருநற்கிள்ளியின்மீது தான் கொண்ட காதலை நக்கண்ணையார் பாடிய மூன்று பாடல்களும் அவ்வாறே புறநானூற்றில் (83, 84, 85) இடம்பெற்றுள்ளன. பெயர் நுழையுமிடத்து அகம் புறமாகிவிடும் என்பதே மரபு.

இம்மரபின் பயனை நாம் எளிதில் உணரலாம். பெயர் தனித்து வருவதில்லை. குடியும் குலமும் பகையும் அதனுடன் சேர்ந்தே வரும். அவற்றையெல்லாம் வாயிலிலேயே நிறுத்திவிட்டு, இரண்டு உள்ளங்களை மட்டும் உள்ளே அழைத்தது அகப்பாடல். அதனாலேயே ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்குப் பின்னும் படிப்பவர் எவரும் அத்தலைவனின் இடத்தில் தம்மை வைத்துப் பார்க்க முடிகின்றது.

ஆயினும், இதன் மறுபக்கத்தையும் மறைத்தலாகாது. பிறர்க்கு ஏவல் செய்யும் அடியோரையும் வினைவலரையும் அன்பின் ஐந்திணைக்குப் புறத்தே வைத்தது அதே இலக்கணம். அவர்தம் காதலுக்குக் கைக்கிளை, பெருந்திணை என்னும் இடங்களையே உரையாசிரியர் காட்டுவர். பெயரில்லாத் தலைவன் எல்லாரையும் குறிப்பவன்போல் தோன்றினும், எல்லாரும் அவன் இடத்தில் நிற்க இலக்கணம் இசையவில்லை.

பெருந்திணைக்கு நெருங்கிய மடலேறுதல், அகத்திற்கும் ஊர்த்தெருவிற்கும் இடைப்பட்ட வாயில் எனலாம். காதல் நிறைவேறாத தலைவன் பனைமடலால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, தலைவியின் உருவம் எழுதிய கிழியை ஏந்தித் தெருவில் வருவேன் என்பான். நாணத்தைத் துறந்து, மறைவான காதலை ஊரறியச் செய்வேன் என்னும் அச்சுறுத்தல் அது. ஊர் அறிந்த பின் நிகழ்வது யாது? அதற்கு விடை கூறுவன கதைப்பாடல்களே.

மதுரை வீரன் கதையில், தோல்தொழில் செய்வோர் வீட்டில் வளர்ந்த வீரன், பொம்மண்ண நாயக்கரின் மகள் பொம்மியை உடன்கொண்டு செல்கின்றான். பின்னர் மதுரையில் வெள்ளையம்மாள்மீது கொண்ட காதலால் அரசனது ஐயத்திற்கு ஆளாகி மாறுகால் மாறுகை வாங்கப்படுகின்றான். திருமலை நாயக்கர் (1623–1659) காலத்தோடு இணைத்துக் கூறப்படும் கதை இது. முத்துப்பட்டன் கதை வேறு திசையிற் செல்கின்றது. அந்தணனாகிய பட்டன், அருந்ததியர் குலத்து வாலப்பகடையின் மகளிர் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் விரும்புகின்றான். பகடை விதித்தபடி குடுமியையும் பூணூலையும் களைந்து, செருப்புத் தைக்கும் தொழிலை ஏற்கின்றான். ஈற்றில், ஆநிரை கவர வந்தோருடன் பொருது மடிகின்றான். பாபநாசம் மலைப்பகுதியில் உள்ள சொரிமுத்து ஐயனார் கோயிலில் பட்டவராயனாக நிற்கும் அவனுக்கு அடியவர்கள் இன்றும் செருப்பையே காணிக்கையாக்குகின்றனர். இலக்கணம் புறத்தே நிறுத்திய மக்கள், தம் பாடலில் காதலனை நடுவே நிறுத்தி, அவனுக்குப் பெயரும் கொடுத்தனர்.

இங்கு நாம் கூர்ந்து நோக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வீரன் காசி மன்னனுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்று கதை தொடங்குகின்றது. பொம்மக்காவும் திம்மக்காவும் அந்தணர் குலத்திற் பிறந்து பகடையால் வளர்க்கப்பட்டவர் என்னும் வடிவமும் வழங்குகின்றது. முத்துப்பட்டன் கதையை ஆராய்ந்து பதிப்பித்த பேராசிரியர் நா. வானமாமலை, இத்தகைய பகுதிகள் குலக்கலப்பை ஏற்க மனமில்லாதோரால் பிற்காலத்தில் நுழைக்கப்பட்டவை எனக் கருதினார். காதலனைக் கொன்ற சமூகம், அவனைத் தெய்வமாக வணங்க முற்பட்டபோது அவன் பிறப்பையே திருத்தி எழுதியது. அவன் காதலை மன்னிக்க இயலாதவர்களுக்கு, அவன் குலத்தை மாற்றுதல் எளிதாயிற்று.

தோட்டத் தொழிலாளராக மலாயாவிற்கு வந்த நம் முன்னோர் மதுரை வீரனையும் உடன் கொணர்ந்தனர். பால்மரக் காடுகளினிடையே அவனுக்குச் சிறுகோயில்கள் எழுந்தன. குறுந்தொகை அவர்களுள் பலருக்கு எட்டாதிருந்திருக்கலாம். ஆனால் காதலுக்காகக் கையும் காலும் இழந்த ஒருவனை அவர்கள் மறக்கவில்லை.

ஆதலின் ஆசிரியப் பெருமக்கள் குறுந்தொகைப் பாடலொன்றைக் கற்பிக்கும்போது, அதனருகே ஒரு கதைப்பாடலையும் வைத்துக் காட்டுதல் நன்று. பெயரில்லாத் தலைவன் காதல் எத்தகையது என்பதை மாணவர்க்கு உணர்த்துவான். பெயர்பெற்ற காதலன் அதற்கு உலகம் கேட்கும் விலையை உணர்த்துவான். முன்னவனை மட்டும் கற்போர் தமிழரின் கனவை அறிவர். பின்னவனையும் சேர்த்துக் கற்போரே தமிழரின் வரலாற்றை அறிவர்.